சைக்கிள் சீட்டும் சம்பந்தி வீடும்

கோணேசர் கோயிலுக்குப் போனாயா என்று கரூரில் எல்லாரும் கேட்கிறார்கள். கடைசி நாள் போனேன். நின்றபடி கும்பிட்டேன். சாமி முன்னால் எல்லாரும் நிற்பார்கள் என்பதால், திருகோணமலையில் நான் கூச்சமில்லாமல் நின்ற இடம் அது ஒன்றுதான். மற்ற இடங்களில் நான் நின்றதற்கு வேறு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மகள் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

மகள் பெயர் மது. சிங்கப்பூரில் வேலை. கூட வேலை செய்கிற நிரோஷன் என்ற பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையன் திருகோணமலைக்காரன். வீடியோவில் பார்த்தோம், பேசினோம், நல்ல பையன். எனக்கு உறுத்தியது வேறு. கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் சிங்கப்பூரை விட்டுவிட்டு அவன் ஊரிலேயே குடியேறப் போகிறார்களாம். அப்படியென்றால் என் மகள் காலம் தள்ளப் போவது கடலுக்கு அந்தப் பக்கம், நான் முகம் பார்த்திராத ஒரு மாமியாரோடு.

“நீ போய்ப் பாத்துட்டு வாம்மா,” என்றாள் மது. “உனக்குச் சரின்னு பட்டா சரி. இல்லேன்னா நான் இந்தப் பேச்சையே விட்டுடுறேன்.”

மகள் இப்படி நல்ல பிள்ளையாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் வரும். என் கணவருக்குக் கடலைப் படத்தில் பார்த்தாலே தலை சுற்றும். ஆகவே தீர்ப்பு என் தலையில் விழுந்தது. கரூர்த் துண்டு ஒரு டஜன், முறுக்கு இரண்டு டப்பா, பயம் ஒரு மூட்டை என்று கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள்.

ஓர்ஸ் ஹில்லில் மாப்பிள்ளை வீடு. வாசலில் வண்டி நின்றதும் யாரும் சொல்வதற்கு முன்பே விறாந்தையில் கிடந்த நாற்காலியில் போய் விழுந்தேன். வராந்தாவை அங்கே விறாந்தை என்கிறார்கள், நாற்காலியைக் கதிரை. முதிரை மரத்தில் செய்தது. நல்ல கனம், நல்ல பளபளப்பு, மெத்தை கிடையாது. அப்போது அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் அவர் டீச்சர். அந்த ஊர் வாயில் அது ‘ரீச்சர்’ என்று வரும். குள்ளமாக, வேகமாக, ஒரு வேலையைச் செய்யும்போதே அடுத்த வேலையைப் பார்க்கிறவர். கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். அவரைக் கப்டன் என்று கூப்பிட்டார்கள். பேச்சுக்கு ரேஷன் போட்ட மனிதர். “வாங்கோ,” என்றார். அரை மணி கழித்து, “தேத்தண்ணி?” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

டீச்சர் பயற்றம்பணியாரத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: “மது சொன்னவ, நீங்கள் ஒவ்வொரு நாளும் சைக்கிள் ஓடுறனீங்களாம். எனக்குச் சரியான சந்தோசம். என்னோட ஓடுறதுக்கு இந்த ரோட்டில ஆருமில்லை. நாளைக்கு விடிய ரெண்டு பேரும் போவம், என்ன?”

பணியாரத்தைக் கடித்தபடி தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். எங்கள் வீட்டில் சைக்கிள் இருப்பது உண்மை. அது நகராது. உடற்பயிற்சி சைக்கிள். அதன் மேல் என் கணவரின் வேட்டி காயும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மதுவைப் பிடித்தேன்.

“நான் பொய் சொல்லலம்மா,” என்றாள். “நம்ம வீட்டுல சைக்கிள் இருக்குல்ல? தினமும் நீ அதுகிட்ட போறேல்ல?”

“துணி எடுக்கடி!”

“அதை நான் சொல்லல. அவங்க ரொம்ப ஆசையா இருக்காங்கம்மா. கெடுத்துடாத.”

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். இருபத்தேழு வருடமாக உட்கார்ந்தே சம்பாதிக்கிறேன். உட்காருகிற விஷயத்தில் என்னை ஒரு சைக்கிள் என்ன செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

இரண்டாம் நாள்.

விடிந்ததும் வாசலில் இரண்டு சைக்கிள் நின்றன. “உங்களுக்குக் கால் நிலத்தில எட்டவேணும் எண்டு சீட்டை நல்லாப் பதிச்சு வச்சனான்,” என்றார் டீச்சர். நன்றி சொன்னேன். அந்த நன்றியை அரை மணி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

சின்ன வயதில் ஓட்டியதை என் கையும் காலும் மறக்கவில்லை. ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் துப்பட்டா பறக்க இறங்கியபோது பத்தொன்பது வயதுப் பெண்ணாகத்தான் இருந்தேன். கீழே வந்து மிதிக்க ஆரம்பித்ததும்தான் ஐம்பத்து நான்கு வயது வந்து சேர்ந்தது. சீட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அது உட்காருவதற்கென்று செய்த பொருள் மாதிரியே இல்லை. இஸ்திரிப் பெட்டியின் வடிவம். அதன் கூரான முனை முன்பக்கம். சாலையில் ஒரு சின்னக் கல் கிடந்தால்கூட அந்தச் செய்தி உடனே எனக்கு வந்து சேர்ந்தது.

உள்துறைமுக ரோட்டில் போனோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது, கப்பல்கள் நின்றன. பார்க்க அழகுதான். நான் பார்த்த நேரமெல்லாம் எழும்பி நின்று மிதித்த நேரம். டீச்சர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஒரு கையால் இடம் காட்டினார், மறு கையால் யாருக்கோ டாட்டா காட்டினார். கரூரில் என் வயதுப் பெண் சைக்கிளில் போனால், வண்டி ரிப்பேரா என்று நாலு பேர் விசாரிப்பார்கள். இங்கே கந்தோருக்கு, அதாவது ஆபீசுக்குப் போகிற பெண்கள் சேலையோடு மிதித்துப் போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது எனக்குப் பிடித்தது. என்னையும் யாரும் பார்க்கவில்லை என்பது இன்னும் பிடித்தது.

ஒரு பஸ் என் முழங்கையை உரசுகிற மாதிரி வந்து நின்றது. நடத்துநர் கதவில் தொங்கியபடி சிங்களத்தில் கத்தினார். என்னைத்தான் திட்டுகிறார் என்று பதறினேன். “இல்லை, சனத்தை ஏத்துறான்,” என்றார் டீச்சர். “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் பந்தடிக்கிற அளவுக்கு இடமிருக்கு எண்டு சொல்லுறான்.” உள்ளே மூச்சு விடவே இடமில்லை. நடத்துநர்கள் எல்லா நாட்டிலும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள் போல.

அங்கிருந்து பாலையூற்றுக்கு மிதித்தோம். மாப்பிள்ளைக்கும் மதுவுக்கும் வீடு கட்டவென்று அங்கே ஒரு வளவு வாங்கிப் போட்டிருந்தார்கள். வளவு என்றால் மனை. வேலி, கிணறு, நாலு தென்னை. பக்கத்து வீட்டுக்காரம்மா பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் கண்டதும் எனக்கு வியர்த்தது. காணாத மாதிரி வேலியை ஆராயப் போனேன்.

“இருங்கோ, மது அம்மா,” என்றார் டீச்சர்.

எங்கள் ஊரில் இருங்க என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். பொறுத்தேன். எதற்குப் பொறுக்கச் சொன்னார் என்று தெரியவில்லை. ஏதோ கொண்டுவரப் போகிறார்கள் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. டீச்சர் இன்னும் இரண்டு தடவை “இருங்கோவன்” என்றார். நானும் இரண்டு தடவை “பரவால்லைங்க” என்றேன். பிறகு அவர் முகம் கொஞ்சம் வாடினது மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு கப்டனின் கைப்பக்குவம். நண்டுக்கறி, முருங்கையிலைச் சுண்டல், மாங்காய் போட்ட பருப்பு, தேங்காய்ப் பாலில் மீன் சொதி. எங்கள் வீட்டில் நண்டைத் தொட யாருக்கும் தைரியமில்லை. இங்கே அது கிள்ளுக்கீரை. மேசையைச் சுற்றி நாலு கதிரை. “இருங்கோ,” என்றார் கப்டன். எதற்குப் பொறுப்பது, சோறு ஆறிப்போகுமே என்று தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். “என்ன அழகா செடியெல்லாம் வச்சிருக்கீங்க!” என்று சொல்லிக்கொண்டே வாழை மரத்தடியில் நின்று நண்டு கடித்தேன். உள்ளே இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். நல்ல அமைதியான குடும்பம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சாப்பிட்டதும் ஒரு யோசனை வந்தது. கொண்டுவந்த கரூர்த் துண்டில் ஒன்றை நாலாக மடித்துச் சீட்டின் மேல் கட்டினேன். ஏற்றுமதித் தரம். அதில் ஏறி மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு மாப்பிள்ளைப் பையன் வயதிருக்கும். எங்கே நோகிறது என்று கேட்டார். “முழங்கால்,” என்றேன். எப்படி விழுந்தேன், வீக்கம் இருக்கிறதா, மடக்க முடிகிறதா என்று அக்கறையாக விசாரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய். முழங்கால் தைலத்தோடு வெளியே வந்தால், ஒரு புள்ளிமான் என் சைக்கிள் அருகே நின்று துண்டைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த ஊரில் மான்கள் தெருவில் திரியும். நம் ஊரில் மாடு திரிகிற மாதிரி. அது எனக்குத் தெரியும், ஆனால் துண்டு தின்னும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை அது பிடித்தது. வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், மான்தான் ஜெயித்தது. ஜெர்மனிக்குப் போகவேண்டிய துண்டு.

பக்கத்தில் சைக்கிள் திருத்துகிற கடை. அங்கிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து மானை விரட்டினார். தாடி, தொப்பி, கையெல்லாம் கிரீஸ். கிண்ணியாக்காரர். எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டதால் நானும் கூப்பிட்டேன். என் சைக்கிளை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“இந்தச் சீட்டை ஆரு இப்பிடிப் பதிச்ச? இவ்வளவு பணிவா இருந்தா முழுப் பாரமும் ஒரு இடத்திலதானே விழும்? துவாயைக் கட்டினா இன்னும் மோசம் தங்கச்சி. சைக்கிளெண்டா பாதிப் பாரம் காலுக்கு, மிச்சம் கைக்கு. சீட்டுக்குச் சும்மா கொஞ்சந்தான். அது கதிரையில்ல.”

ஸ்பேனரை எடுத்தார். “இரிங்க,” என்றார். “அவசரமில்ல நானா,” என்றேன். “இல்ல, இரிங்க தங்கச்சி.” “நீங்க மெதுவாப் பண்ணுங்க நானா, நான் எங்கயும் போகல.” என் பின்னால் பெஞ்சு ஒன்று கிடந்தது. அதை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. நானா ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். சீட்டை நாலு விரல் உயர்த்தினார். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நிற்கவேண்டும் என்று காட்டினார். சீட்டின் மூக்கைக் கொஞ்சம் கீழே தட்டினார். காசு வேண்டாம், மான் ஏற்கெனவே வாங்கிவிட்டது என்றார்.

சாயங்காலம் நடந்ததைத்தான் நான் இன்னும் நினைத்து நினைத்துக் கூசுகிறேன். அறையை விட்டு வெளியே வந்தேன். கப்டன் பட்டு வேட்டி கட்டியிருந்தார். டீச்சர் கரை போட்ட சேலை, தலையில் பூ. மேசையில் தட்டு நிறையப் பழம், வெற்றிலை, பூ. எங்கோ விசேஷத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

“மது அம்மா,” என்றார் கப்டன். தொண்டையைச் செருமினார். “இருங்கோ, கதைப்பம்.”

பொறுங்கள், பிறகு பேசுவோம் என்கிறார். எவ்வளவு மரியாதையான மனிதர். “அதுக்கென்னங்க, ஒண்ணும் அவசரமில்ல,” என்றேன். “அப்புறமா பாத்துக்கலாம். நீங்க கிளம்புங்க.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சிரித்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். ஜன்னல் வழியே பார்த்தேன். அவர்கள் எங்கும் போகவில்லை. விசேஷம் நின்றுபோயிற்று போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. மது போன் செய்தாள். “பொண்ணு கேட்டாங்களாம்மா?” என்றாள். “இல்லடி,” என்றேன். “சரிம்மா,” என்றாள். அழுகையை அடக்கும்போது அவள் அப்படித்தான் சொல்வாள். எனக்கு வந்ததே கோபம். என் பெண்ணுக்கு என்ன குறை? படிப்பில் குறையா, நிறத்தில் குறையா? பழத்தட்டு அங்கேயே இருந்தது, அதிலிருந்து ஒரு வாழைப்பழத்தைக்கூட நான் தொடவில்லை.

மூன்றாம் நாள்.

காலையில் டீச்சர் கதவைத் தட்டினார். “தம்பலகாமம் போவம் எண்டு சொன்னனாங்கள். உங்களுக்கு ஏலாட்டி விடுவம்.” குரலில் முந்தின நாள் குதூகலம் இல்லை. முடியாது என்று சொல்ல என் ரோஷம் விடவில்லை. “போலாம் டீச்சர்,” என்றேன்.

வெளியே வந்தால், என் சைக்கிளைக் கப்டன் துடைத்து, இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்து வைத்திருந்தார். கூடையில் வாழையிலையில் கட்டிய இடியப்பமும் சம்பலும், ஒரு போத்தல் தண்ணீர், எனக்கென்று ஒரு தொப்பி. கண்டி ரோட்டில் ஏறியதும் டீச்சர் என் வலப்பக்கம் வந்துகொண்டார். பஸ்ஸும் லாரியும் அவரைத் தாண்டித்தான் என்னைத் தாண்டின. மேடு வந்தால் எனக்காக இறங்கித் தள்ளினார். செவ்விளநீர்க் கடையில் வழுக்கைக் காயாகத் தேடி எனக்கு வெட்டச் சொன்னார். பெண் வேண்டாம் என்று முடிவு பண்ணியவர்கள் இப்படித்தான் விழுந்து விழுந்து கவனிப்பார்கள் என்று எனக்குள் பொருமிக்கொண்டே குடித்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நானாவின் கை வைத்தியக் கை. பத்து கிலோமீட்டர் போனதும் எனக்கு அது பிடிபட்டது. சீட்டில் உட்காரக் கூடாது. அதைத் தொட்டுக்கொண்டு போகவேண்டும். பாரத்தைக் காலில் கொடுத்து, கையைத் தளர்த்தி, பள்ளம் வரும்போது கொஞ்சம் எழும்பி, பிறகு மெதுவாக இறங்கி. இரண்டு பக்கமும் வயல் வந்தது, குளத்துக் காற்று வந்தது. ஏதோ ஒரு இடத்தில் சீட்டு இருப்பதே மறந்துபோனது. ஐந்து நிமிடம் எனக்கு உடம்பே இல்லை. நேற்று வரை என்னைக் குத்திய அதே சீட்டுதான். டீச்சரிடம் சொல்லி ஆடவேண்டும் போலிருந்தது. அவரோடுதான் பேச்சுவார்த்தை இல்லையே.

இறங்கி நின்றதும், மறந்த வலியெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்தது.

அவர்கள் வயலைப் பார்த்தோம். வரப்பில் நின்றபடி இடியப்பம் சாப்பிட்டேன். டீச்சர் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார். திரும்ப நினைத்தபோது டிராக்டர்காரர் ஒருவர் வழி மறித்தார். “ரீச்சர், ரோட்டுப் பக்கம் யானை இறங்கிட்டுது. சைக்கிளோட போகாதேங்கோ. நான் பாலையூற்றுக்கு வைக்கோல் ஏத்திக்கொண்டு போறன், பெட்டியில ஏறுங்கோ.” சைக்கிள் இரண்டையும் மேலே போட்டார். நாங்களும் ஏறினோம். பெட்டி நிறைய வைக்கோல். உலகத்திலேயே மெத்தென்ற இருக்கை என் கண் முன்னால் கிடந்தது. யானை எங்கே என்று பார்க்கிற ஆசையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“இருங்கோ!” என்று கத்தினார் டீச்சர்.

எதற்குப் பொறுக்கச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். டிராக்டர் உதறிக் கிளம்பியது. முகம் குப்புற வைக்கோலுக்குள் போனேன். வாய் நிறைய வைக்கோலோடு நிமிர்ந்தால் டீச்சர் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருங்கோ எண்டு சொன்னனான்தானே!”

“இருந்தேனே டீச்சர்!”

“எங்க இருந்தனீங்கள்? நிண்டனீங்கள்!”

“ஆமா, நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்!”

டீச்சர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். “மது அம்மா, எங்கட வளவில இருக்க உங்களுக்கு விருப்பமில்லை. சரி. எங்கட மேசையில இருக்க விருப்பமில்லை. அதுவும் சரி. இந்த வைக்கோல் உங்களுக்கு என்ன செய்தது? இதிலயும் இருக்க மாட்டீங்களோ?”

“என்ன டீச்சர் இப்படிச் சொல்றீங்க? மூணு நாளா உங்க வீட்டுலதானே இருக்கேன்?”

“நிக்கிறீங்கள்! ஒருக்காலும் இருக்கேல்லை!”

டிராக்டர்காரர் திரும்பினார். “ரீச்சர், ஏதும் பிரச்சினையோ?”

“இவ இருக்கிறாவோ நிக்கிறாவோ எண்டே எனக்கு விளங்கேல்லை!”

கணக்கு டீச்சர் அல்லவா, படிப்படியாகப் போனார். ஆடுகிற பெட்டியில் எழும்பி நேராக நின்றார். “இது என்ன?” என்றார். “நிக்கிறது,” என்றேன். தொப்பென்று வைக்கோலில் விழுந்தார். “இது இருக்கிறது.”

“அது உக்கார்றது!” என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்குகள் சரிவருவதைப் பார்த்தேன். என் முகத்திலும் அதுதான் நடந்திருக்கும்.

“உங்கட படத்தில உக்காரு உக்காரு எண்டுதான் சொல்லுவினம்,” என்றார் மெதுவாக. “அப்ப உங்கட ஊரில இருங்கோ எண்டா?”

“பொறுங்கன்னு அர்த்தம்.”

“அப்ப நேற்று இவர், இருங்கோ கதைப்பம் எண்டு கேட்டது?”

“பொறுங்க, அப்புறம் பேசலாம்னு...”

“நாங்கள் பொம்பிளை கேட்டனாங்கள், மது அம்மா!”

“நீங்க விசேஷத்துக்குக் கிளம்புறீங்கன்னுல நெனச்சேன்!”

“எங்கட வீட்டில நிண்டுகொண்டு எங்களையே வெளிக்கிடச் சொன்னீங்கள்!”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. நான் வைக்கோலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கொஞ்சம் அடங்கியதும் கேட்டார்: “அது சரி. விளங்காட்டியும் கதிரை கண்ணுக்குத் தெரியும்தானே? பிறகேன் இருக்கேல்லை?”

இனி மறைத்து என்ன? அவர் காதோரம் குனிந்தேன். வீட்டில் இருக்கிற சைக்கிள் நகராது என்று சொன்னேன். முப்பது வருடமாக நான் எதையும் மிதிக்கவில்லை என்று சொன்னேன். எங்கே வலிக்கிறது என்றும் சொன்னேன்.

“ஐயோ, சீட்டோ!” டீச்சரின் குரல் வகுப்பறையில் பழகிய குரல். வயல் முழுக்கக் கேட்டது. டிராக்டர்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை ஊர்ந்து ஊர்ந்து இறக்கினார்.

அந்த மெதுவான ஓட்டத்தில்தான் எனக்கு அது உறைத்தது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இவர்கள் கணக்கில் நான் இவர்களை வேண்டாம் என்றவள். கேட்ட வாயை அடைத்து, நீங்க கிளம்புங்க என்றவள். அப்படிப்பட்டவளின் சைக்கிளுக்குத்தான் கப்டன் காற்று அடித்தார். அப்படிப்பட்டவளுக்குத்தான் டீச்சர் இடியப்பம் கட்டினார், வழுக்கை தேடினார், கண்டி ரோட்டு முழுக்க பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவே மிதித்து வந்தார். வேண்டாம் என்றவளுக்கே இவ்வளவு என்றால், இவர்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கு என்ன குறை வைக்கப் போகிறார்கள்? வீடு எப்படி, வளவு எத்தனை பரப்பு, மாமியார் குணம் எப்படி என்று பார்க்கவேண்டியதெல்லாம் பார்த்து முடிந்துவிட்டது. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது கப்டன் விறாந்தையில் தனியாக இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். “வந்திட்டீங்களோ,” என்றார். என்னைப் பார்த்து இருங்கோ என்று சொல்லவில்லை. சொல்லி அவமானப்பட்டது போதும் என்று நினைத்திருப்பார். டீச்சர் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

முதிரை மரக் கதிரைகளில் ஒன்றை அவருக்கு எதிராக இழுத்துப் போட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி உட்காருவது மரியாதையில்லை என்று முழுசாகவே உட்கார்ந்தேன். “பொண்ணு கொடுக்க எங்களுக்குச் சம்மதங்க,” என்றேன். சொல்லும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

கப்டன் தன் கதிரையின் நுனிக்கு வந்தார். மூன்று நாளில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

“அழாதேங்கோ மது அம்மா. தூர தேசத்துக்குப் பிள்ளையை அனுப்புறது லேசில்லை. எங்களுக்கு விளங்கும். அவவை நாங்கள் வடிவாப் பாப்பம்.”

இது சைக்கிள் சீட்டால் வந்த கண்ணீர் என்று சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதில் பாதிதான் உண்மையாக இருந்திருக்கும்.